குழாயும் சொல்லும்: ருஷ்ய மொழி கண்ட வழி

அரை அங்குலக் குழாய் என்று கடையில் விற்கப்படும் இரும்புக் குழாய் ஒன்றை எடுத்து அளந்து பார்த்தால் ஒரு விந்தை புலப்படும். அதன் வெளிவிட்டம் ஏறத்தாழ 21 மில்லிமீற்றர். உள்விட்டம் ஏறத்தாழ 16 மில்லிமீற்றர். அரை அங்குலம் என்பதோ 12.7 மில்லிமீற்றர். உள்ளே அளந்தாலும் வெளியே அளந்தாலும் அந்த அரை அங்குலம் அகப்படுவதில்லை. கடைக்காரர் பொய் சொல்லவில்லை. குழாயைச் செய்தவரும் பிழை விடவில்லை. பழைய நாளில் இரும்பின் தரம் குறைவாக இருந்தபடியால் குழாயின் சுவர் தடித்ததாயிருந்தது. உள்ளிருக்கும் துவாரம் அரை அங்குலத்தை ஒட்டியிருந்தது. இரும்பின் தரம் உயர்ந்தபோது சுவரை மெல்லிதாக்க முடிந்தது. ஆனால் குழாயின் வெளிப்புறத்திலேதான் மரை வெட்டி ஒன்றை ஒன்றோடு பொருத்த வேண்டியிருந்தது. ஆதலால் வெளிவிட்டத்தை மாற்ற எவரும் துணியவில்லை. துவாரம் அகன்றது, பெயர் மட்டும் பழையபடியே நின்றது.

எனவே 'அரை அங்குலம்' என்பது இங்கே ஓர் அளவன்று, ஓர் உடன்படிக்கை. செய்பவனும் விற்பவனும் பொருத்துபவனும் தமக்குள் ஒப்புக்கொண்ட பெயர் அது. அந்த உடன்படிக்கையை அறியாத வேறொரு நாட்டுக்கு இப்பெயரைச் சொல்லுக்குச் சொல்லாக மொழிபெயர்த்து அனுப்பினால் என்ன நேரும்? குழாய் போய்ச் சேரும், ஆனால் பொருந்தாது. பொருந்தாத இடத்தில் நீர் ஒழுகினால் நட்டம் சிறிது. கொதிநீராவியோ எண்ணெயோ ஒழுகினால் உயிருக்கே கேடு. ஆங்கிலக் குழாய்த்தொழிற் சொற்களை ருஷ்ய மொழிக்குக் கொண்டுசென்றோர் இந்தச் சிக்கலையே பல தலைமுறைகளாக எதிர்நோக்கினர்.

முதலிற் குழாய் என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளலாம். தமிழில் ஊதுகின்ற இசைக்கருவியும் குழல். உள்ளே வெறுமையாயிருக்கும் பொருளும் குழல். ஆங்கிலத்தில் 'பைப்' என்ற சொல்லுக்கும் இந்த இரு பொருளும் உண்டு. ருஷ்ய மொழியிற் குழாயைக் குறிக்கும் சொல் 'துருபா'. அதற்கு முழங்குகின்ற எக்காளம் என்றும் பொருள். வீட்டுப் புகைபோக்கி என்றும் பொருள். நீரோடும் குழாய் என்றும் பொருள். மூன்று மொழிகளும் இசையிலும் குழாயிலும் ஒரே வடிவத்தைக் கண்டன. இவ்வளவில் மொழிபெயர்ப்பாளருக்கு இடர் இல்லை. ஆயினும் ஆங்கிலேயர் 'பைப்' என்றும் 'டியூப்' என்றும் இரு சொற்களை வைத்திருக்கின்றனர். முன்னையதை ஒப்புக்கொண்ட பெயரளவினாலே குறிப்பிடுவர். பின்னையதை வெளிவிட்டத்தின் மெய்யளவினாலே குறிப்பிடுவர். ருஷ்ய மொழியில் இரண்டுக்கும் துருபா ஒன்றுதான். ஆங்கிலத்தில் ஒரு சொல்லே தெரிவித்துவிடும் வேறுபாட்டை ருஷ்யர் அளவுகளை விரித்தெழுதியே காட்ட வேண்டியதாயிற்று.

குழாய்த்தொழிலின் பிற பொருள்களுக்கு ருஷ்ய மொழியிற் பெயர் வந்த கதை ஒல்லாந்திலே தொடங்குகிறது. 1697 ஆம் ஆண்டில் மகா பீற்றர் மன்னன் மேலைநாடுகளின் தொழில்களை நேரிற் கற்கப் புறப்பட்டான். அம்ஸ்டர்டாம் நகரில் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் கப்பற்றளத்தில் தொழிலாளியாக நின்று கப்பல் கட்டப் பயின்றான். அந்நாளில் இலங்கையின் கரையோரப் பகுதிகளை ஆண்டுகொண்டிருந்ததும் அதே கம்பனிதான். ஒல்லாந்த மொழியில் அலுவலகத்தைக் குறிக்கும் சொல் யாழ்ப்பாணத்தார் நாவிற் 'கந்தோர்' என்று ஆனது. அதே சொல் ருஷ்யர் நாவிற் 'கந்தோரா' என்று ஆனது. உலகின் இரு கோடிகளில் வாழ்ந்த இரு மக்கள் ஒரே வாயிலிருந்து ஒரு சொல்லைப் பெற்றுக்கொண்டனர்.

இவ்வாறு வந்த சொற்களில் ஒன்று 'கிரான்'. ஒல்லாந்த மொழியில் அது நாரை என்னும் பறவையின் பெயர். நீண்டு வளைந்த கழுத்துடைய பாரந்தூக்கும் பொறிக்கும், நீரைத் திறந்து மூடும் திருகுக் குழாய்க்கும் அப்பெயர் வழங்கியது. ருஷ்ய மொழி இவ்விரு பொருளையும் அப்படியே ஏற்றுக்கொண்டது. ஆங்கிலேயரும் ஜேர்மானியரும் அதே திருகுக் குழாயைச் சேவல் என்று அழைத்தனர். ஆகவே ஆங்கிலத்திற் சேவலாயிருந்த பொருள் ருஷ்யாவிற் புகுந்தபோது நாரையாயிற்று. அங்குலத்துக்கு ருஷ்யர் வழங்கும் 'தியூயிம்' என்பதும் ஒல்லாந்தச் சொல்லே. பெருவிரல் என்பது அதன் பொருள்.

ஒல்லாந்தருக்குப் பின் ஜேர்மானியப் பொறியியலாளரும் கைவினைஞரும் ருஷ்யாவுக்கு வந்தனர். அவர்களோடு அவர்களுடைய சொற்களும் வந்தன. குழாயின் வாயில் வட்டத் தகட்டைப் பொருத்தி மற்றொரு தகட்டோடு மரையாணிகளால் இறுக்குவர். ஆங்கிலேயர் 'பிளாஞ்சு' என்னும் அத்தகட்டை ருஷ்யர் ஜேர்மன் ஒலிப்பைத் தழுவி 'பிளானெட்ஸ்' என்றனர். இரு குழாய் முனைகளை ஒன்றாக அணைத்துப் பிடிக்கும் உறை 'மூப்தா' எனப்பட்டது; குளிர்காலத்திற் பெண்கள் கைகளை நுழைத்துக்கொள்ளும் மென்மயிர் உறைக்கும் அதுவே பெயர். வளைந்து கொடுக்கும் நீர்க்குழாய் 'ஷிளாங்' ஆயிற்று. அதன் மூலப்பொருள் பாம்பு. இச்சொற்களை ருஷ்யர் எவரும் அமர்ந்து ஆக்கவில்லை. பொருளோடு பெயரும் வந்தது. தொழிலாளர் நாவிற் பழகிப் போயிற்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிலைமை மாறியது. கஸ்பியன் கடற்கரையிலுள்ள பாக்கு நகரில் மண்ணெண்ணெய்த் தொழில் எழுச்சி பெற்றது. தனிமங்களின் ஆவர்த்தன அட்டவணையால் உலகப் புகழ் பெற்ற மெண்டலீவ் 1863 ஆம் ஆண்டிலே பாக்குவுக்குச் சென்று, எண்ணெயைப் பீப்பாக்களில் அடைத்து வண்டிகளில் ஏற்றுவதை விடுத்துக் குழாய் வழியே செலுத்தலாம் என்று ஆலோசனை கூறினார். அதை எவரும் உடனே செயற்படுத்தவில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1865 ஆம் ஆண்டில், அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் சாமுவேல் வான் சைக்கல் என்பவர் 2 அங்குலக் குழாயில் ஏறத்தாழ 5 மைல் தூரம் எண்ணெயைச் செலுத்திக் காட்டினார். 1876 ஆம் ஆண்டில் மெண்டலீவ் அமெரிக்காவுக்குப் போய்ப் பென்சில்வேனிய எண்ணெய்த் தொழிலை நேரிற் கண்டு, மறு ஆண்டிலே அது பற்றி நூலொன்று எழுதினார். அதே 1876 ஆம் ஆண்டில் விளாதிமிர் ஷூகொவ் என்னும் இளம் பொறியியலாளரும் பிலடெல்பியாப் பொருட்காட்சிக்குச் சென்றிருந்தார்.

1878 ஆம் ஆண்டில் ருஷ்யாவின் முதல் எண்ணெய்க் குழாய்வழி பாக்குவை அடுத்த பலக்கானி எண்ணெய்க் கிணறுகளிலிருந்து சுத்திகரிப்பு ஆலைகள் நிறைந்த கறுப்பு நகரம் வரை அமைக்கப்பட்டது. அதன் நீளம் ஏறத்தாழ 10 கிலோமீற்றர். நோபெல் சகோதரருக்காக அதை அமைத்தது அமெரிக்காவில் வாழ்ந்து பழகிய அலெக்சாந்தர் பாரியின் நிறுவனம். அதன் பொறியியலாளர் ஷூகொவ். முன்மாதிரி அமெரிக்காவினது, எனினும் பெயர் ருஷ்ய மொழியிலே பிறந்தது.

அப்பெயர் பிறந்த முறை ஊன்றி நோக்கத்தக்கது. மொஸ்கோ நகருக்கு மித்தீச்சி ஊற்றுகளிலிருந்து நீர் கொண்டுவரும் வேலை 1779 ஆம் ஆண்டில் ஆரம்பித்து 1804 ஆம் ஆண்டில் நிறைவெய்தியது. இத்தகைய அமைப்பை ருஷ்யர் 'வதப்பிரவோத்' என்றனர். 'நீரை நடத்திச் செல்வது' என்பது அதன் பொருள். இலத்தீன் மொழியிற் பழைய உரோமர் வழங்கிய சொல்லின் அமைப்பும் இதுவே. இப்போது நீருக்குப் பதிலாக எண்ணெய் ஓடுகிறது. நீர் என்ற முதற் பாகத்தை எடுத்துவிட்டு, 'நெப்த்' என்னும் நில எண்ணெயின் பெயரை அங்கே வைத்தனர்; 'நெப்தெப்பிரவோத்' என்ற சொல் கிடைத்தது. 1884 ஆம் ஆண்டில் ஷூகொவ் எழுதிய கட்டுரையின் தலைப்பிலே அச்சொல் நிற்கிறது. வாயு ஓடினால் முதற் பாகத்தில் வாயு; நீராவி ஓடினால் நீராவி; எது ஓடினாலும் பொதுவாகச் சொல்வதற்குத் துருபா என்னும் குழாய். ஒரு சொல்லைக் கற்றவன் ஐந்து சொற்களைத் தானே விளங்கிக்கொள்வான்.

இங்கேயே மொழிபெயர்ப்பாளருக்கு முதற் பொறியும் வைக்கப்பட்டுவிட்டது. தமிழில் எண்ணெய் என்பது போலவே ஆங்கிலத்தில் 'ஒயில்' என்ற ஒரே சொல் நிலத்தடி எண்ணெயையும் எந்திரத்துக்கு இடும் மசகெண்ணெயையும் குறிக்கும். ருஷ்ய மொழியில் முன்னையது நெப்த், பின்னையது 'மாஸ்லா'. ஓர் எந்திரத்தின் அச்சாணிக்கு மசகு கொண்டுசெல்லும் சிறு குழாயை ஆங்கிலப் படத்தில் 'எண்ணெய்க் குழாய்' என்று கண்டு, அதை நெப்தெப்பிரவோத் என்று பெயர்த்தால், அந்தச் சிறு குழாய் கணப்பொழுதில் நாடு கடந்து செல்லும் பெருங் குழாய்வழியாகிவிடும். சொல்லைப் பெயர்க்குமுன் உள்ளே ஓடுவது யாது என்று கேட்டறிய வேண்டும்.

குழாயின் உறுப்புகளுக்குப் பெயரிடுவதில் இரு மொழியினரும் மனித உடலையே துணைக்கொண்டனர். எனினும் ஒரே உறுப்பைத் தேர்ந்தெடுக்கவில்லை. குழாய் திரும்பும் இடத்தில் வைக்கும் வளைந்த துண்டை ஆங்கிலேயர் முழங்கை என்பர். ருஷ்யர் 'கலேனோ', அதாவது முழங்கால் என்பர். துவாரம் இன்றி வழியை அடைத்துவிடும் பிளாஞ்சை ஆங்கிலேயர் குருடு என்பர். ருஷ்யர் செவிடு என்பர். சன்னல் இல்லாத சுவரையும் அவர்கள் செவிட்டுச் சுவர் என்றே சொல்வது வழக்கம். மூன்று வாயுடைய துண்டுக்கு ஆங்கிலேயர் தமது நெடுங்கணக்கில் அதன் வடிவை ஒத்த எழுத்தின் பெயரை இட்டனர். ருஷ்யர் மூன்று என்னும் எண்ணிலிருந்து 'திரோய்னிக்' என்று ஆக்கினர். இவ்விடங்களிற் சொல்லுக்குச் சொல் பெயர்த்தல் பயனற்றது. குருட்டுப் பிளாஞ்சு என்று ருஷ்ய மொழியில் எழுதினால், தொழிலாளி ஒருவேளை ஊகித்துக்கொள்ளக்கூடும். ஆனால் ஆபத்தான வேலையில் ஊகத்துக்கு இடம் வைத்தலாகாது.

அகராதியை மட்டும் நம்பியவர் அகப்பட்டுக்கொள்ளும் இடங்கள் இன்னும் உண்டு. சுழலும் தண்டு ஒன்று வால்வின் உடலுக்குள் நுழையும் இடத்திலே கசிவு ஏற்படாதபடி நார் முதலியவற்றைத் திணித்து, மேலே ஒரு வளையத்தால் அழுத்துவர். அவ்வளையத்தை ஆங்கிலேயர் 'கிளாண்டு' என்பர். பொது அகராதியில் அச்சொல்லைத் தேடினால் உடலிலுள்ள சுரப்பி என்ற பொருளே முன்னிற்கும். ருஷ்யத் தொழிலாளர் அந்த அமைப்பு முழுவதையும் 'சால்னிக்' என்பர். 'சாலோ' என்பது கொழுப்பு; திணிக்கும் நாரைக் கொழுப்பில் தோய்த்த பழைய வழக்கத்திலிருந்து அப்பெயர் பிறந்தது. குழாய்வழியின் உட்புறத்தைத் துப்புரவாக்க எண்ணெயின் அழுத்தத்தாலே தள்ளப்பட்டுச் செல்லும் கருவியை ஆங்கிலேயர் பன்றி என்பர். ருஷ்யர் அதைச் சுரண்டி என்று பொருள்படும் 'ஸ்கிரெபோக்' என்ற சொல்லாற் குறித்தனர். வேலை தெரிகிறது, விலங்கு வேண்டியதில்லை.

நேரடி மொழிபெயர்ப்பு வெற்றிபெற்ற இடமும் உண்டு. எண்ணெய்க் கிணற்றின் தலையில் அடுக்கடுக்காகப் பொருத்தப்படும் வால்வுத் தொகுதியை அமெரிக்கர் கிறிஸ்துமஸ் மரம் என்று அழைத்தனர். ருஷ்யர் அதை 'யோல்கா' என்றனர். விழாக் காலத்தில் வீட்டில் வைத்து அலங்கரிக்கும் ஊசியிலை மரத்துக்கு அதுவே பெயர். அந்த மரமும் வழக்கமும் ருஷ்யாவில் வேரூன்றியிருந்தமையால் உவமை கடல் கடந்தும் பிழைத்தது. வேறு சில சொற்களைத் தொழிலாளரே ஆக்கிக்கொண்டனர். இரு குழாய்களையும் திருப்பாமல் நடுவிலுள்ள சுரையை மட்டும் முடுக்கி இணைக்கும் துண்டை அவர்கள் பேச்சில் 'அமெரிகான்கா', அதாவது அமெரிக்கப் பெண் என்பர்.

எல்லாவற்றிலும் பெரிய இடர் 'வால்வு' என்ற ஒரு சொல்லால் நேர்ந்தது. ஆங்கிலத்தில் வழியை அடைப்பதும் வால்வு. அளவாகத் திறப்பதும் வால்வு. திரும்பி ஓடாமல் தடுப்பதும் வால்வு. ருஷ்ய மொழியில் இவற்றுக்குத் தனித்தனிப் பெயர்கள். கதவுபோல் ஒரு தகடு குறுக்கே இறங்கி அடைப்பது 'ஸத்வீஷ்கா'. தள்ளிச் செருகுவது என்பது அதன் பொருள். துவாரமுள்ள உருண்டையோ கூம்போ கால் வட்டம் திரும்பித் திறப்பது கிரான். தண்டின் நுனியிலுள்ள மூடி இருக்கையின் மேல் அமர்ந்து அடைப்பது 'வென்தில்'. திரும்பி ஓடாமல் தடுப்பதும், மிகை அழுத்தத்தை வெளியேற்றுவதும் 'கிளாபன்' என்ற இனத்தைச் சேர்ந்தவை. பிற்கால நியமங்கள் வென்தில் என்பதை விலக்கி அதையும் கிளாபன் இனத்திற் சேர்க்குமாறு விதித்தன. ஆயினும் பட்டறைகளிற் பழைய சொல் மறையவில்லை.

ஆகவே ஆங்கிலத்தில் வால்வு என்று கண்டவுடன் எழுதுகோல் நின்றுவிட வேண்டும். உள்ளே என்ன அசைகிறது, எத்திசையில் அசைகிறது என்று படத்தைப் பார்த்தறிந்த பின்னரே எழுத வேண்டும். ஆங்கிலேயர் 'குளோப் வால்வு' என்பது உருண்டையான உடலமைப்பினால் வந்த பெயர். அதை உருண்டை என்ற ருஷ்யச் சொல்லாற் பெயர்த்தால் உருண்டைக் கிரான் என்றாகிவிடும். அதுவோ முற்றிலும் வேறான பொருள். முன்னையது ஓட்டத்தைச் சிறிது சிறிதாக மட்டுப்படுத்த உதவும். பின்னையது ஒரே திருப்பிலே திறக்கவும் மூடவும் அமைந்தது. ஒரு சொல்லின் பிழையால் ஆலையிலே தவறான கருவி பொருத்தப்படும்.

இதனினும் நுண்ணிய பொறி ஒன்று உண்டு. ஆங்கிலத்திற் 'கொன்ட்றோல்' என்றால் ஆட்சிசெய்தல், மட்டுப்படுத்தல். ருஷ்ய மொழியிலுள்ள 'கொன்த்ரோல்' என்ற சொல்லோ சோதித்துப் பார்த்தலையே முதன்மையாகக் குறிக்கும். எனவே ஓட்டத்தை மட்டுப்படுத்தும் வால்வை ஒலியொற்றுமை கருதி அச்சொல்லாற் பெயர்த்தால் அது சோதனை வால்வு ஆகிவிடும். மறுபுறம், பின்னோட்டத்தைத் தடுக்கும் வால்வுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'செக்' என்ற சொல்லும் அகராதியிற் சோதனை என்று நிற்கும். இருவேறு வால்வுகள் ஒரே தவறான பெயரில் வந்து முட்டிக்கொள்ளும். உடன்பிறந்தார்போல் தோன்றும் சொற்களே மொழிபெயர்ப்பாளரைப் பெரிதும் ஏமாற்றுவன.

பெயர்களோடு அளவுகளும் தொல்லை கொடுத்தன. ருஷ்யப் பேரரசின் அங்குலமும் ஆங்கிலேய அங்குலமும் ஒரே நீளமுடையவை. ஆதலால் அக்காலத்தில் ஆங்கிலக் குழாய் ருஷ்யாவுக்கு வந்தபோது எண்ணை மாற்ற வேண்டியிருக்கவில்லை. 1918 ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதத்தில் சோவியத் அரசு மீற்றர் முறையை ஏற்கும் ஆணையைப் பிறப்பித்தது. 1927 ஆம் ஆண்டளவில் அது நாடெங்கும் கட்டாயமாயிற்று. அன்று முதல் '4 அங்குலக் குழாய்' என்பதை எவ்வாறு எழுதுவது என்ற வினா எழுந்தது. கணக்குப்படி 4 அங்குலம் 101.6 மில்லிமீற்றர். ஆனால் அக்குழாயின் வெளிவிட்டம் 114.3 மில்லிமீற்றர், உள்விட்டமோ சுவரின் தடிப்புக்கேற்ப மாறும். 101.6 என்று நுட்பமாகப் பெருக்கி எழுதியவர் உண்மையில் எங்குமில்லாத ஒரு குழாயை எழுதியவராவார்.

ருஷ்யர் இதற்குக் கண்ட சொல் நேர்மையானது. 'உஸ்லோவ்னி பிரஹோத்' என்றனர். ஒப்புக்கொள்ளப்பட்ட வழி என்று அதைத் தமிழிற் கூறலாம். மெய்யளவு அன்று, நமக்குள் செய்துகொண்ட ஏற்பாடு என்பதைப் பெயரே வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறது. 4 அங்குலக் குழாய்க்கு நிகர் ஒப்புக்கொள்ளப்பட்ட வழி 100. அதன் வெளிவிட்டம் சோவியத் நியமங்களின்படி 108 ஆகவும் இருக்கலாம், 114 ஆகவும் இருக்கலாம். ஆதலால் வெளிவிட்டத்தையும் சுவரின் தடிப்பையும் சேர்த்தே எழுதினர். அமெரிக்கர் சுவரின் தடிப்பை 'செடியூல் 40' என்பது போன்ற இலக்கத்தாற் குறிப்பர். செடியூல் என்பதை அகராதியிற் பார்த்தால் நேர அட்டவணை என்றிருக்கும். ருஷ்ய மொழியில் அதற்குச் சொல் தேடுவதே வீண். அந்த இலக்கம் 4 அங்குலக் குழாயில் ஏறத்தாழ 6 மில்லிமீற்றர்ச் சுவரைக் குறிக்கிறது என்று அட்டவணையிற் கண்டு, 6 என்று எழுதுவதே சரியான மொழிபெயர்ப்பு. ஆயினும் மீற்றர் முறையால் குழாயின் மரையை மாத்திரம் வெல்ல முடியவில்லை. குழாய் மரைக்குரிய சோவியத் நியமம் அங்குலத்தையே பின்பற்றியது; பெருவிரல் என்ற ஒல்லாந்தச் சொல் ருஷ்யப் பட்டறைகளில் இன்றும் வழங்குகிறது.

முதலாம் ஐந்தாண்டுத் திட்டம் 1928 ஆம் ஆண்டில் தொடங்கியபோது இச்சிக்கல்கள் நாட்டின் பெருஞ்சிக்கல்களாயின. 1929 க்கும் 1932 க்கும் இடையில் அமெரிக்காவின் விங்க்ளர்-கொக் நிறுவனம் சோவியத் நாட்டில் எண்ணெய் பிளக்கும் ஆலைகள் 15 ஐ அமைத்தது. மக்னித்தகோர்ஸ்க் உருக்காலைத் திட்டத்தில் கிளீவ்லாந்தின் மக்கீ நிறுவனம் பங்குகொண்டது. ஆங்கிலப் படங்களையும் குறிப்புகளையும் ருஷ்ய மொழியாக்க வேண்டிய தேவை பெருகியது. ஒவ்வோர் அலுவலகமும் தன் விருப்பப்படி பெயரிட்டால் ஓர் ஆலையின் சொல் மற்றோர் ஆலைக்குப் புரியாது.

இந்நிலையிலே திமித்ரி லோத்தே என்னும் பொறியியலாளர் கலைச்சொல்லை ஒரு தனித்துறையாக ஆராயத் தலைப்பட்டார். 1931 ஆம் ஆண்டில் அவருடைய முதற் கட்டுரை வெளிவந்தது. 1933 ஆம் ஆண்டில் சோவியத் விஞ்ஞானக் கழகத்தின் கீழ்த் தொழில்நுட்பச் சொற்குழு நிறுவப்பட்டது. விமானவியல் அறிஞர் சப்ளீகின் அதன் தலைவரானார். லோத்தே அதன் உயிர்நாடியாக விளங்கினார். ஒஸ்திரியப் பொறியியலாளர் ஊகென் வூஸ்டர் 1931 ஆம் ஆண்டில் எழுதிய தொழில்நுட்ப மொழி நியமம் பற்றிய நூல் 1935 ஆம் ஆண்டில் ருஷ்ய மொழியில் வெளியாயிற்று. மறு ஆண்டில், சோவியத் தரப்பின் முயற்சியால், உலக நியமச் சங்கத்திலே கலைச்சொல்லுக்கென ஒரு குழு ஏற்பட்டது.

லோத்தே ஒரு சொல்லின் குலத்தையும் கோத்திரத்தையும் முதலில் விசாரிக்கவில்லை. அச்சொல் கேட்பவனை எங்கே அழைத்துச் செல்கிறது என்றே விசாரித்தார். கலைச்சொற்களை அவர் மூவகையாக வகுத்தார். தன் எழுத்துப்பொருளாலே பொருளின் இயல்பைச் சரியாகக் காட்டும் சொல் ஒன்று. தவறான திசையில் இட்டுச்செல்லும் சொல் மற்றொன்று. இரண்டுமின்றி வெறும் பெயராக நிற்கும் சொல் மூன்றாவது. முதலாவது சிறந்தது, மூன்றாவது ஏற்கத்தக்கது, இரண்டாவது கேடானது.

இந்த அளவுகோலை மேற்கூறிய குழாய்ச் சொற்கள்மீது வைத்துப் பார்க்கலாம். நெப்தெப்பிரவோத், திரோய்னிக், ஸத்வீஷ்கா ஆகியன முதல் வகை; பார்த்தவுடன் வேலை விளங்குகிறது. பிளானெட்ஸ் முதலிய அந்நியச் சொற்கள் மூன்றாம் வகை. அவை ருஷ்யனுக்கு ஒன்றையும் உணர்த்துவதில்லை, ஆனால் அவனை ஏமாற்றுவதுமில்லை. வால்வைச் சோதனை வால்வு என்றும், குளோப் வால்வை உருண்டைக் கிரான் என்றும் பெயர்த்தால் அவை இரண்டாம் வகை. அவை ருஷ்யச் சொற்களாலே ஆனவைதாம். எனினும் ஆளைப் படுகுழியில் வீழ்த்தும். சொந்தச் சொல் என்ற ஒன்றினாலேயே ஒரு சொல் நல்லதாகிவிடாது என்பதும், அந்நியச் சொல் என்ற ஒன்றினாலேயே அது தீயதாகிவிடாது என்பதும் இதனாற் பெறப்படும்.

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க உதவியாகச் சுத்திகரிப்பு ஆலைகள் நான்கு சோவியத் நாட்டுக்கு அனுப்பப்பட்டன. போர் ஓய்ந்து பகை மூண்ட பின்னர் குழாயே அரசியல் ஆயுதமாயிற்று. ஐரோப்பாவின் கிழக்கு நாடுகளுக்கு எண்ணெய் கொண்டுசெல்லும் 'துருஷ்பா', அதாவது நட்பு என்னும் பெயருடைய குழாய்வழியை அமைக்கும் வேலை 1960 ஆம் ஆண்டில் ஆரம்பமாயிற்று. அதற்குப் பெருவிட்டக் குழாய்கள் வேண்டியிருந்தன. 1962 ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்தில் மேற்கு ஜேர்மனியின் மூன்று நிறுவனங்கள் 1,63,000 தொன் குழாய் விற்க உடன்பட்டன. அடுத்த மாதமே வட அத்திலாந்திக்கு உடன்படிக்கை நாடுகளின் அவை அத்தகைய குழாய்களை விற்கலாகாது எனத் தீர்மானித்தது. அடெனாவர் தலைமையிலான அரசு ஏற்றுமதியைத் தடுத்தது. 1963 ஆம் ஆண்டு மார்ச் மாதத்திற் செல்யாபின்ஸ்க் ஆலையார் 1020 மில்லிமீற்றர் விட்டமுள்ள குழாயைத் தாமே செய்தனர். அதன்மேல் தொழிலாளர் 'அடெனாவர், உனக்குத் துருபா' என்று எழுதினர். ருஷ்யப் பேச்சு வழக்கில் துருபா என்றால் 'கதை முடிந்தது' என்றும் பொருள். எக்காளம், புகைபோக்கி, குழாய் என்ற பொருள்களோடு இந்த நான்காம் பொருளும் சேர்ந்து அந்த ஒரு வரியை எழுதுவித்தது. அவ்வரியை வேறெந்த மொழியிலும் அதே சுவையோடு பெயர்த்தல் அரிது.

அந்தக் குழாயின் அளவும் ஒரு பாடம் புகட்டுகிறது. மேலைநாடுகளில் 40 அங்குலக் குழாய் 1016 மில்லிமீற்றர். சோவியத் குழாய் 1020. வேறுபாடு 4 மில்லிமீற்றர்தான். காகிதத்தில் இரண்டையும் ஒன்றெனக் கொள்ளலாம். முனையோடு முனை வைத்துப் பற்றவைக்கும் தொழிலாளி அவ்வாறு கொள்ள முடியாது. 1966 ஆம் ஆண்டிலே தடை நீங்கியது. 1970 ஆம் ஆண்டு பெப்ரவரி முதலாந் தேதி எசன் நகரில் ஒரு பெரும் உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. ஜேர்மனி 12 இலட்சம் தொன் பெருவிட்டக் குழாய் கொடுப்பது, அதற்கு ஈடாகச் சோவியத் நாடு இயற்கை வாயு அனுப்புவது என்பது ஏற்பாடு. பகைவரும் வணிகராகும்போது இரு தரப்பாரும் ஒரே பொருளைத்தான் பேசுகின்றனரா என்பதை உறுதிசெய்பவர் மொழிபெயர்ப்பாளரே. உடன்படிக்கையின் அடியிலே அவருடைய பெயர் பொறிக்கப்படுவதில்லை.

கலைச்சொல் பற்றித் தமிழில் நடைபெறும் வாதங்களிற் பெரும்பாலானவை சொல்லின் பிறப்பைப் பற்றியனவே. தனித்தமிழா, வடமொழியா, ஆங்கிலமா என்ற கேள்வியே முன்னெழுகிறது. ருஷ்யரின் குழாய்ச் சொற்கள் வேறொரு கேள்வியையும் முன்வைக்கின்றன. ஒல்லாந்தரின் நாரையையும் ஜேர்மானியரின் பிளாஞ்சையும் அவர்கள் தயங்காது ஏற்றனர். எண்ணெயை நடத்திச் செல்வதற்குத் தம் மொழியிலேயே பெயர் ஆக்கினர். ஆங்கிலப் பன்றியை விலக்கினர். அமெரிக்கரின் மரத்தை நட்டுக்கொண்டனர். பொருளின் வேலையைக் கண்ட பின்னரே பெயரைத் தேர்ந்தனர். தேர்ந்த பெயரை நாடு முழுவதும் ஒன்றாக வழங்கவும் முயன்றனர். புதிய சொல் ஒன்றை ஆக்க முற்படும் ஆசிரியரும் மொழிபெயர்ப்பாளரும், இச்சொல்லைக் கேட்டு ஆலையில் நிற்கும் தொழிலாளியின் கை சரியான திருகினிடம் செல்லுமா என்று முதலிற் கேட்டுக்கொள்வது நன்று.